சர்க்கரைக்கு ஒரு பொய் வேண்டுதல்

நான் டிராம் ஓட்டும் டிப்போவில் காலை பத்து மணிக்குக் காப்பி வேளை. கூட வேலை செய்யும் யான் என்கிற டச்சுக்காரன் ஒரு தகர டப்பாவைத் திறந்து எல்லோரிடமும் நீட்டுவான். ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் எடுத்ததும் மூடி டப்பென்று விழும். அவ்வளவுதான் விருந்து. ராட்டர்டாமுக்கு வந்த புதிதில் அந்த மூடி மறுபடி திறக்கும் என்று நம்பி, காப்பி ஆறிப்போகும்வரை டப்பாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒருநாள் மரியாதைக்கு "வேண்டாம்" என்று சொல்லிப் பார்த்தேன். ராயபுரத்தில் முதல் தடவை வேண்டாம் என்போம், இரண்டாம் தடவை "அய்ய, எதுக்கு" என்போம், மூன்றாம் தடவை எடுத்து வாயில் போடுவோம். யான் "சரி" என்றான். டப்பா அடுத்த ஆளிடம் போய்விட்டது. அன்று நான் ஓட்டிய டிராமில் ஏறியவர்கள் எல்லோர் முகத்திலும் எனக்கு அந்த பிஸ்கட்தான் தெரிந்தது.

அப்படிப்பட்ட ஊரில் எனக்குச் சர்க்கரை வியாதி வந்தது என்றால் நம் ஊரில் இருப்பவர்கள் நம்பமாட்டீர்கள். என்னைப் போலப் பிழைக்க வந்தவர்கள் நம்புவீர்கள். வெளியில் ஒரு பிஸ்கட், வீட்டுக்கு வந்தால் குக்கர் நிறையச் சோறு. அதுதானே நம் குடித்தனம். என் வீட்டுக்காரர் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறவர். நான் சாப்பிடுவதைப் போல இரண்டு மடங்கு சாப்பிடுவார். அவருக்குச் சுகர் இல்லை. இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

உணவு ஆலோசகர் ஒரு பெண். பென்சில் போல ஒல்லி. "சாப்பாட்டுக்கு நடுவில் என்ன சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். "டீ?" டீ குடிப்பேன், அது சாப்பிடுவதில் சேராதே என்றேன். "சர்க்கரை போட்டா?" போடாமல் அதற்குப் பெயர் டீயா? "டீயோடு ஏதாவது?" முறுக்கு, மிக்சர், சமயத்தில் கேக். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு, "ஒன்றும் இல்லை என்றீர்களே" என்றாள். பலகாரம் சாப்பாட்டுக் கணக்கில் வராது என்பதை டச்சு மொழியில் எப்படி விளக்குவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கடைசியில் ஒரு தட்டின் படம் வரைந்தாள். பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு மீன், சோறு ஒரு முஷ்டி அளவு. மீன் நிறையச் சாப்பிடலாம் என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னாள். மீன் என்பதே சோறு இறங்குவதற்காகக் கடவுள் படைத்த வழி என்று நினைத்து வளர்ந்தவள் நான். பசித்தால் பெரிய டம்ளரில் தண்ணீர் குடித்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள் என்றாள். குடித்தேன். பசி நீந்தக் கற்றுக்கொண்டதே தவிரப் போகவில்லை.

சிரித்துக்கொண்டே சொல்கிறேன், ஆனால் பயந்துபோய்த்தான் இருந்தேன். கம்பெனி டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதிக் கொடுத்துவிட்டு, லீவு முடிந்து வந்ததும் மூன்று மாதச் சர்க்கரையைப் பார்ப்பேன் என்றார். இறங்கவில்லை என்றால் இன்சுலின் ஊசி. ஊசி என்றால் முதலில் ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறக்கி மேஜை வேலையில் உட்கார வைப்பார்கள். திரும்ப ஏற்றுவார்களா என்பதை அப்போதுதான் பார்ப்பார்களாம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகள் நான். அவ்வளவு நீள வண்டி என் கைக்கு அடங்கி, நான் மணி அடித்தால் கோட்டு போட்ட துரைமார்கள் ஒதுங்கி நிற்பது எனக்கு இன்னும் திகட்டவில்லை. சீருடையில் நான் நிற்கும் போட்டோவை என் அண்ணன் போனில் வைத்துக்கொண்டு, காசிமேட்டு ஏலத்தில் மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறான். அந்த வண்டி என்னைவிட்டுப் போய்விடுமோ என்பதுதான் என் பயம், சர்க்கரை அல்ல.

இந்த நிலைமையில் மாதா கோயில் திருவிழாவுக்கு ராயபுரத்துக்குப் போனேன். சுகர் என்று அண்ணன் வீட்டில் சொல்வதில்லை என்று விமானத்திலேயே முடிவு செய்துவிட்டேன். சொன்னால் டிராம் கதையையும் சொல்லவேண்டும். அதோடு எங்கள் தெருவில் சுகர் என்று வாய் திறந்தால் ஆளுக்கு ஒரு கஷாயம் கொண்டுவருவார்கள், கசப்பு போக ஆளுக்கு ஒரு இனிப்பும் கொண்டுவருவார்கள். முதல் நாளே அண்ணி ரீட்டா வஞ்சிரம் வறுத்து, தட்டில் சோற்றைக் கோபுரமாகக் கொட்டினாள். பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா வாசலில் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றுகொண்டாள்.

"இன்னாடி இப்டி எளச்சிப் போய்கீற? அந்த ஊர்ல சோறே போட மாட்டானுங்களா? ரீட்டா, இன்னும் ரெண்டு கரண்டி வையி."

கரண்டி என் தட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. என் வாயில் தானாக வந்தது இது: "வாணாம் அண்ணி. மாதாவுக்கு வேண்டிக்கினுகீறேன். ஒரு முஷ்டி சோத்துக்கு மேல தொடமாட்டேன். இனிப்பு அறவே கெடயாது."

கரண்டி அந்தரத்தில் நின்றது. அண்ணி சிலுவை போட்டுக்கொண்டாள். கோபுரம் மறுபடி பானைக்குப் போனது. எங்கள் தெருவில் டாக்டர் பேச்சை மீறி ஊட்டுவார்கள், வேண்டுதலை மீறி ஒரு பருக்கை வைக்கமாட்டார்கள். இது ஏன் எனக்கு முன்பே தோன்றவில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அண்ணனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். இளவயதில் வியாசர்பாடியில் பாக்ஸிங் ஆடியவன், முஷ்டி விஷயத்தில் விவரமானவன்.

"யாரு முஷ்டின்னு மாதா சொன்னாங்களா?"

சொல்லவில்லை என்றேன். அவன் கையை மடக்கித் தட்டின் மேல் வைத்தான். ஒரு தேங்காய் அளவு இருந்தது. அந்த அளவுக்கே அண்ணி சோறு வைத்தாள். மாதா ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாளே தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. யாரும் எனக்கு எதையும் நீட்டவில்லை. அதுவே ஒரு தண்டனையாகிவிட்டது. காலையில் எதிர்வீட்டிலிருந்து இடியாப்பமும் பாயாவும் மணக்கும், பதினோரு மணிக்கு முனைக்கடையில் பஜ்ஜி, சாயங்காலம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் வண்டியில் பூண்டு வதங்கும். ராட்டர்டாம் பசி ஒரு மூலையில் சத்தம் போடாமல் கிடக்கும். ராயபுரத்துப் பசிக்கு மூக்கு உண்டு, கால் உண்டு, நம்மைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். நான் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடக்கப் போவேன். நடக்கப் போனால் தெருப் பெண்கள் நிறுத்துவார்கள். "என் புள்ளைக்குக் கல்யாணம் கூடி வரணும், அதையும் சேத்து வேண்டிக்கம்மா." "எங்க மீன் புடிக்கிற போட்டு இன்ஜின் மக்கர் பண்ணிகினேகீது, அதுக்கும் ஒரு வார்த்த." என் ஒருத்தியின் பசியின் மேல் தெருவே மனு போட்டுக்கொண்டிருந்தது. குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டுதான் விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பேன். கருவி டிங்கென்று கத்தும். "உள்ள இன்னாடி மணியடிக்கிது?" என்பாள் அண்ணி. போன் என்பேன். எண் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டு வந்தது. டிராமின் கைப்பிடி மறுபடி என் கைக்கு வந்துவிட்டது போல ஒரு சந்தோஷம்.

தேர்பவனி அன்று சாயங்காலம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினேன். மாலை மாத்திரையைப் போட்டாயிற்று, தேர் எங்கள் தெருமுனையைத் தாண்டியதும் ஓடிவந்து சாப்பிடலாம் என்பது என் கணக்கு. தேருக்கு என் கணக்கு தெரியாதே. முனைக்கு முனை நின்றது. ஒவ்வொரு முனையிலும் மாலை, ஜெபம், பேண்டு வாத்தியம். ஒரு கட்டத்தில் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. நெற்றியில் குப்பென்று வேர்வை, கண்ணுக்கு முன்னால் சீரியல் பல்புகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. சர்க்கரை கீழே இறங்குகிறது என்று புரிந்துவிட்டது. இதற்காகவே டாக்டர் சொல்லி, சீருடைப் பையில் எப்போதும் குளுக்கோஸ் வில்லை வைத்திருப்பேன். பட்டுப்புடவையில் ஏது பை? வில்லை அண்ணன் வீட்டுப் பீரோவில் பத்திரமாக இருந்தது.

பிலோமினா அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, சக்கர... எதுனா இனிப்பு குடு."

அக்கா என்னை அணைத்துக்கொண்டாள். "முடியற நேரத்துல சாத்தான் சோதிக்கிறான்டி. தாங்கிக்க. வேண்டுதல் கெட்டுப்பூடும்."

என் கண்ணுக்கு எதிரிலேயே ரோஸ்மில்க் கடை. அதை நோக்கி ஓர் அடி வைத்தேன். நாலு பேர் பாசத்தோடு பிடித்து இழுத்தார்கள். "அருள் வந்துச்சிடி இவளுக்கு, ஒடம்பு எப்டி ஆடுது பாரு" என்றாள் ஒருத்தி. போட்டு இன்ஜின்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என் நடுங்கும் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கால் மடங்கியது. நிஜமாகவே பயந்துவிட்டேன். இத்தனை சொந்தக்காரர்களுக்கு நடுவில், ரோஸ்மில்க் கடைக்கு எதிரில், என் பொய்யே என்னைக் கொண்டுபோய்விடும் போலிருந்தது. இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"வேண்டுதலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! எனக்கு சுகர்! டவுன் ஆயிடுச்சி!"

பேண்டுக்காரர்கள் ஒரு பாட்டை முடித்து அடுத்ததற்கு மூச்சு பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. தேர் தூக்குகிறவர்கள் முதற்கொண்டு எல்லோருக்கும் கேட்டது. சுற்றி நின்ற பெண்கள் அத்தனை பேரின் கையும் இடுப்புக்குப் போனது. செருகியிருந்த சுருக்குப் பைகள் வெளியே வந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் ஆரஞ்சு மிட்டாய். பிலோமினா அக்கா முதலில் முந்திக்கொண்டு, சுற்றிய காகிதத்தோடு என் வாயில் திணித்தாள்.

"அடிப்பாவி! இந்தத் தெருவுல சுகர் இல்லாம நிக்கிறது அந்தக் கொடிமரம் ஒண்ணுதான்டி! எங்களாண்டயா மறச்ச?"

ரோஸ்மில்க்கும் வந்தது. குடித்துவிட்டு மூடிய கடை ஒன்றின் படியில் உட்கார்ந்தேன். நடுக்கம் நிற்பதற்குள் விசாரணை தொடங்கிவிட்டது. மாதா பேரில் பொய் சொல்லலாமா என்றார்கள். "அப்போ என் புள்ள கல்யாணம்?" என்று ஒருத்தி ஆவேசமாகக் கேட்டாள். அதற்குத் தனியாக ஜெபம் சொல்கிறேன் என்று வாக்கு கொடுத்தபிறகுதான் விட்டாள். அண்ணி மட்டும் கண் கலங்கி நின்றாள்.

"சொல்லியிருந்தா இன்னா? சோத்த உன் வாயில திணிப்போம்னு நெனச்சியா?"

"ஆமா அண்ணி."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "திணிச்சிதான் இருப்போம்" என்று ஒத்துக்கொண்டாள்.

அங்கேயே டிராம் கதையையும் சொல்லிவிட்டேன். அண்ணன் போனை எடுத்து என் போட்டோவைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. அழுகிறவளைப் பார்த்தால் எங்கள் தெருவில் உடனே சாப்பாடு போடத்தான் தெரியும். அன்றும் போட்டார்கள். ஆனால் பிலோமினா அக்கா என் கையை நீட்டச் சொல்லி, என் விரல்களை மடக்கி, என் முஷ்டிக்கு அளந்து சோறு வைத்தாள். "பாக்ஸர் கையில அளந்து துன்னுட்டு விரதமாம்" என்று அண்ணனுக்கும் ஒரு திட்டு விழுந்தது.

மீதி நாட்களில் மதியச் சாப்பாடு அக்கா வீட்டு நடையில்தான். நெத்திலி, கீரை, அவரவர் முஷ்டிக்கு அவரவர் சோறு. ஐந்தாறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, எவள் கை பெரிது என்று சண்டை போட்டுக்கொண்டே சாப்பிட்டோம். தட்டில் இருந்தது முன்பைவிடக் குறைவு. ஆனால் பசி என்னைப் பிடித்து இழுக்கவில்லை, இழுத்தாலும் ஐந்தாறு பேரைச் சேர்த்து இழுக்கவேண்டியிருந்தது. கிளம்பும் அன்று ஒரு பை நிறைய ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து, "கை நடுங்குனாதான் தொடணும்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பி வந்ததும் கம்பெனி டாக்டர் பார்த்தார். இறங்கியிருக்கிறது, இப்போதைக்கு ஊசி வேண்டாம், வண்டி ஓட்டலாம் என்றார். எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டார். அக்கம்பக்கத்துப் பெண்கள் என்றேன். "உணவு ஆலோசகர்களா?" இல்லை, மீன் விற்கிறார்கள் என்றேன். மீன் சாப்பிடுகிறாள் என்று அவர் கணினியில் ஏற்றிக்கொண்டார்.

மறுநாள் காப்பி வேளை. என் சீருடையின் ஒரு பையில் இந்த ஊர்க் குளுக்கோஸ் வில்லை, இன்னொரு பையில் ராயபுரத்து ஆரஞ்சு மிட்டாய். யான் டப்பாவை நீட்டினான். "வேண்டாம், எனக்குச் சுகர்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "சரி" என்றான். மூடி டப்பென்று விழுந்தது. எனக்கு வேண்டியதும் அதுதான், டாக்டருக்கு வேண்டியதும் அதுதான். அப்படியிருந்தும் காப்பியை வைத்துக்கொண்டு, யான் திரும்பி வந்து இரண்டாம் தடவை கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்டால் "அய்ய, எதுக்கு" என்று சொல்ல வாய் தயாராக இருந்தது.