அத்திபெலே தாண்டி ஒரு பொட்டு

பெங்களூர் பக்கம், சந்தாபுராவில் பால் வாங்க ஒரு நிமிடம் போதும். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பாக்கெட்டை எடுத்து நீட்டுவார், சில்லறையை டப்பாவில் போடுவார், அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். வந்த புதிதில் இது எனக்கு விசித்திரமாக இருந்தது. குடியாத்தம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் பால் வாங்கப் போனால், அண்ணனுக்கு வரன் அமைந்ததா, ஏன் முகம் வாடியிருக்கிறது என்று நாலு கேள்விக்குப் பதில் சொன்ன பிறகுதான் சொம்பு நிறையும். இங்கே யாரும் எதுவும் விசாரிப்பதில்லை என்று கம்பெனியில் மற்ற தமிழ்ப் பெண்கள் குறைபட்டுக்கொள்வார்கள். அந்தக் குறையில் நான் சேர்ந்துகொண்டதே இல்லை. விசாரிக்காத ஊரைத் தேடித்தானே வந்தேன்!

ஏன் பெங்களூருக்குப் போனாய் என்று ஊரில் கேட்டால், வேலைக்கு என்பேன். பொய்யில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் ஓசூர் சாலை நெடுகக் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தன. பி.காம் படித்த எனக்கு அதில் ஒன்றில் ஸ்டோர்ஸ் வேலை கிடைத்தது. ஆனால் பி.காமுக்கு வேலூரிலும் வேலை இருந்தது. அங்கே கிடைக்காதது, என்னைத் தெரியாத மனிதர்கள். கல்யாணமான இரண்டாம் வருடம் மஞ்சள்காமாலை என் கணவரைக் கொண்டுபோனது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அதன் பிறகு ஊரில் யாரும் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் எதிரே வந்தால், வெளியே கிளம்பியவர்கள் எதையோ மறந்துவிட்டவர்கள்போல உள்ளே போய், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார்கள், அவ்வளவுதான். அண்ணன் நிச்சயதார்த்தத்தன்று அத்தை என் தோளைத் தொட்டு, "கண்ணு, நீ உள்ள அடுப்பப் பாத்துக்கோ" என்றார். அத்தனை அன்பாகச் சொன்னார். அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வேலையில் சேர வந்த அன்று, ஓசூர் பஸ் நிலையத்தில் ஓர் அட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்கினேன். வாங்கிவிட்டேனே தவிர, வைக்கக் கை வரவில்லை. அத்திபெலே தாண்டி, கடைப் பலகைகள் எல்லாம் கன்னடமாக மாறிய பிறகு, ஒன்றை உரித்து ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து வைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டுப் பெண்மணி என்னைப் பார்த்தார், கொட்டாவி விட்டார், தூங்கிப்போனார். உலகம் இடிந்து விழவில்லை.

வீட்டுக்காரம்மா ரத்னம்மா. முன்பக்கம் அவர் குடும்பம், பின்பக்க ஒற்றை அறை எனக்கு. என் நெற்றியைப் பார்த்தார், தனியாக நிற்பதைப் பார்த்தார், அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார். "எஜமான்ரு துபாயா?" என்றார். தலையை ஆட்டிவைத்தேன். அன்றிலிருந்து என் கணவர் துபாயில் வேலை பார்த்தார்.

முதல் பொங்கலுக்கு ஊருக்குப் போக லீவு கிடைக்கவில்லை. சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. திறந்தால், ரத்னம்மாவின் மகள் மஞ்சுளா பட்டுப்பாவாடையில் நிற்கிறாள், கையில் தட்டு. பின்னால் குங்குமச் சிமிழோடு அவள் அம்மா. நல்லதையே பேசுங்கள் என்பதுபோல ஏதோ கன்னடத்தில் ஒப்பித்துவிட்டு, குழந்தை தட்டை நீட்டினாள். தட்டு நிறைய எள். வெல்லமும் கொப்பரையும் கலந்திருந்தன, பக்கத்தில் கரும்புத் துண்டுகூட இருந்தது. என் கண்ணுக்கு எள் மட்டும்தான் தெரிந்தது. எங்கள் பக்கம் எள்ளை ஒருவர் கையிலிருந்து வாங்கவே மாட்டோம். நான் கடைசியாகப் பார்த்த எள், என் கொழுந்தனின் விரல் வழியாகத் தண்ணீரோடு இறங்கியது. எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். காலி செய்யச் சொல்லப் போகிறார்கள், மறுபடியும் ஊருக்கு, அடுப்பங்கரைக்கு.

கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "யார் சொன்னாங்க உங்களுக்கு?" என்றேன்.

"ஏனு? என்னா சொன்னாங்க?"

"எங்க வீட்டுக்காரர் செத்துப்போனது."

ரத்னம்மா என் பொட்டைப் பார்த்தார். "துபாய்ல இருக்காருன்னியே!"

"நீங்கதாங்க துபாய்னீங்க."

சொன்ன பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. யாரும் பிடுங்காத ரகசியத்தை நானே எடுத்துத் தட்டில் வைத்துவிட்டேன். குழந்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"அய்யோ, இது ஹப்பம்மா, பண்டிகை. சங்கராந்திக்கு எல்லார் மனேக்கும் கொடுக்கறது. எதிர் வீட்டுக்கும் இதேதான்" என்றார் ரத்னம்மா. அவர் கட்டைவிரல் சிமிழின் மூடிமேல் இருந்தது. திறக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அவர்கள் வழக்கமும் நம் வழக்கம்தான் என்பது அந்த விரலைப் பார்த்தே புரிந்தது. பிறகு அவர் மூடியைத் திறந்து, சிமிழை என் ஜன்னல் கட்டையில் வைத்தார். "நானு வெச்சு விட்டா எங்க அத்தே பைவாங்க, திட்டுவாங்க. இங்க இருக்கட்டும். நீனே எடுத்துக்கோ" என்றார். மகளின் தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்து விரல்களை மூடினார். வாயில் போட்டேன். எள் இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. மென்றுகொண்டே அழுதேன்.

மறுநாள் காலை நான் வெளியே வர, எதிரே ரத்னம்மா கூடையோடு சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பழக்கதோஷத்தில் உள்ளே பின்வாங்கினேன். "என்னா நிந்துட்டே? பஸ் போய்டும், பா பா" என்று என்னை இழுத்துக்கொண்டே நடந்தார். அவர் திரும்பிப் போய்த் தண்ணீர் குடிக்கவில்லை.

ஆனாலும் ஊருக்குப் போகும்போதெல்லாம் அத்திபெலே வந்ததும் பொட்டை எடுத்து அட்டையில் ஒட்டிவிடுவேன். திரும்பும்போது அதே இடத்தில் வைத்துக்கொள்வேன். பல வருடம் இப்படியே ஓடியது. ஒருமுறை அம்மா என் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தார். "நெத்தியில இன்னாடி, வட்டமா வெளுத்துக் கெடக்குது?"

ஸ்டிக்கர் கோந்து. அம்மா முந்தானையால் அழுத்தித் துடைத்தார். போகவில்லை.

திரும்பும் நாள் பஸ் ஏற்றிவிட வந்தவர், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எந்த ஊரு வந்ததும் வெச்சுக்குவ?" என்றார் மெதுவாக.

"அத்திபெலேம்மா. ஓசூர் தாண்டி."

அம்மா யோசித்தார். "அம்மாந்தூரம் எதுக்கு? கிருஷ்ணகிரியிலயே வெச்சுக்கோ. அங்க நம்மள யாருக்குத் தெரியும்?"

அன்று கிருஷ்ணகிரியில் வைத்துக்கொண்டேன். இந்தப் பொங்கலுக்கு முன்னால் போய்த் திரும்பும்போது வாணியம்பாடி மேம்பாலத்திலேயே வைத்துவிட்டேன். இன்னும் முன்னால் வைத்துக்கொள்வதென்றால் இனி ஆம்பூர்தான் மிச்சம், அதற்கும் முன்னால் ஊரேதான். பையில் எனக்காக அம்மா கட்டிக்கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தேன். முறுக்கோடு, வறுத்துப் புடைத்த எள் ஒரு படி இருந்தது, நான் எப்போதோ சொல்லியிருந்த மஞ்சுளாவின் தட்டுக்கு.