டீச்சரின் சீட்

கீரனூரிலிருந்து திருச்சிக்கு எங்களோடு தினமும் பஸ்ஸில் வந்த நர்ஸம்மா, போனில் கார்ட்டூன் மட்டும்தான் பார்ப்பார். ஆறு சூப்பர் ஹீரோக்கள் சேர்ந்த டீம். சீசன் முடிய ஒரே எபிசோட்தான் பாக்கி. அன்று போனை மடியில் கவிழ்த்துவிட்டுப் பொரிந்து தள்ளினார்.

"கால் ஒடிஞ்சவள விட்டுட்டு அஞ்சு பேரும் சண்டைக்குப் பறக்குறாய்ங்க. இதுக்குப் பேரு டீமா?"

"வெறும் கார்ட்டூன்தானே, விடுங்க."

நரைத்த புருவத்தைச் சுருக்கி என்னைப் பார்த்தார்.

"போன மாசம் இந்த பஸ்ஸுல விழுந்து கால ஒடச்சுக்கிட்ட டீச்சர யாராச்சும் போய்ப் பாத்தோமா? அவங்க சீட்டுலதான நீங்க உக்காந்துருக்கீங்க."

எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது.

"அவங்க வீடு எங்க இருக்குன்னாச்சும் உங்களுக்குத் தெரியுமா?"

அவருக்கும் தெரியவில்லை. போனைப் பைக்குள் போட்டார். அந்தக் கடைசி எபிசோடை அவர் பார்க்கவே இல்லை.