குட்டி போடாத கப்பி

சனிக்கிழமை சாயங்காலம் குமுளி பஸ்ஸிலிருந்து இறங்கும் அப்பா வெறுங்கையோடு வந்ததில்லை. பெரும்பாலும் நேந்திரங்காய் சிப்ஸ்தான். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், வண்டன்மேட்டருகே ஓர் ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தும் வேலை அவருக்கு. வாரம் முழுக்க மலை, ஞாயிறு மட்டும் கம்பத்தில் எங்களோடு. அந்தத் தடவை அவர் கையில் தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் பை இருந்தது. உள்ளே இரண்டு கப்பி மீன்கள். ஆணுக்கு வால் மட்டும் ஊரையே அழைக்கும். பெண் சாம்பல் நிறம், உப்பிய வயிறு, அழகென்று சொல்ல முடியாது. வீட்டில் இருக்கிற வாய்கள் போதாதா என்று முனகிக்கொண்டே அம்மா ஒரு கண்ணாடி ஜாடியைக் கழுவிக் கொடுத்தாள்.

அப்பா எனக்குப் பாடம் நடத்தினார். கப்பி முட்டையிடாது, குட்டிதான் போடும். வாலடியில் தெரியும் கரும்புள்ளி பெரிதாகி, வயிறு சதுரமானால் நாள் நெருங்கிவிட்டது. போட்ட குட்டியைத் தாயே தின்றுவிடும், உடனே பிரித்துவிட வேண்டும். பிரசவத்தைத் தானே வந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுத் திங்கள் விடிகாலை மலையேறினார்.

அந்த வாரம்தான் இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே அணைத் தகராறு முற்றிக் குமுளிப் பாதையில் பஸ், ஜீப் எல்லாம் நின்றுபோயின. மேலே இருந்தவர் மேலே, கீழே இருந்தவர் கீழே. ஸ்டோரை விட்டு வெளியே போக வேண்டாமென்று முதலாளி சொல்லியிருப்பதாக அப்பா போனில் சொன்னார். ஊரிலோ மலையில் இருப்பவர்களைப் பற்றி ஆளுக்கொரு சேதி. அம்மா டிவியை அணைப்பாள்; சற்று நேரத்தில் அவளே போடுவாள். அப்பா வராத சனிக்கிழமை எனக்குப் பிடிக்கவேயில்லை. பஸ் சத்தம் இல்லாத தெருவைப் பார்த்தால் அழுகை வரும். ஆனால் பயமெல்லாம் மீனின் வயிற்றைப் பற்றித்தான். அப்பா வருவதற்குள் அது பெற்றுவிடக் கூடாது. சூடு பட்டால் சீக்கிரம் போட்டுவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, ஜாடியைச் சுற்றி ஈரத்துணி கட்டினேன். பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, வளைகாப்பு எப்போது என்று கேட்டுவிட்டுப் போனார்.

மீன் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஒரு காலை அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது ஜாடிக்குள் கண்ணும் வாலுமாகத் துரும்புகள் ஓடின. சீப்பைப் போட்டுவிட்டு டீ வடிகட்டியோடு ஓடிவந்த அம்மா, பெற்ற பிள்ளையைத் தின்ன வருகிறாயே பாவி என்று மீனைத் திட்டியபடியே ஒவ்வொன்றாய் அள்ளி ஒரு டப்பாவில் விட்டாள். நான் பாதிப் பின்னலோடு நின்று அழுதேன். அப்பாவிடம் சொல்லாதே என்று கெஞ்சினேன். பெற்றுவிட்டது என்று தெரிந்தால் அவருக்கு இங்கே வர இனி என்ன வேலை இருக்கிறது என்பது என் நியாயம்.

"அப்பா கேட்டாகன்னா உள்ளதத்தான் சொல்லுவேன்" என்றாள் அம்மா. விளையாட்டுக்குக்கூடப் பொய் பொறுக்காதவள்.

சாயங்காலம் போன் வந்தது. பெத்துருச்சா என்று அப்பா கேட்டது எனக்கே கேட்டது. அம்மா குட்டிகள் இருந்த டப்பாவை ஒரு தடவை பார்த்தாள்.

"இன்னும் இல்ல. நீங்க வந்தாத்தான் பெறுவேங்குது."

அதன்பின் ஒரு மாதத்துக்கு மேல் தினமும் அதே கேள்வி, அதே பதில். வேகவைத்த மஞ்சள்கருவைத் துணியில் கட்டி, துளித்துளியாகப் பிழிந்து அம்மாவே குட்டிகளுக்கு ஊட்டினாள். கூடப் போட்டால் தண்ணீர் நாறிவிடும் என்று என்னைத் தொட விடவில்லை. குட்டிகள் வளர்ந்தன, சிலவற்றின் வாலில் நிறம்கூட ஏறத் தொடங்கியது. போனில் மட்டும் அந்த மீன் பிள்ளைத்தாச்சியாகவே இருந்தது.

பாதை திறந்து அப்பா வந்தபோது தாடி வளர்ந்து இளைத்திருந்தார். நான் டப்பாவை நீட்டி, நேற்றுத்தான் பெற்றது என்று அடித்துச் சொன்னேன். அவர் குட்டிகளைப் பார்த்தார். பிறகு அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்ற அம்மாவைப் பார்த்தார்.

"ஒரே நாள்ல நல்ல வளத்தி" என்றார்.

அம்மா உள்ளே போய்விட்டாள். திட்டு விழாமல் தப்பித்தோமே என்று எனக்கு நிம்மதி. மாதம் தவறாமல் குட்டி போடுகிற மீன் அது என்று அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தவர் ஏன் தினமும் கேட்டார் என்று நான் யோசிக்கவில்லை. அம்மா எனக்காகத்தான் அந்தப் பொய்யைச் சொன்னாள் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.