இருபது தட்டு இயந்திரம்

இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது. இரண்டு எருமைகளுக்கு எதற்கு அந்த இயந்திரம்?

மயிலாப்பூரில் கால்வாயை ஒட்டிய சந்தில் இருந்தோம். அம்மா பன்னிரண்டு லிட்டர் பாலைத் தயிராக்கி ஆழ்வார்பேட்டை வீடுகளுக்குக் கொடுப்பாள். அதில்தான் நாங்கள் சாப்பிட்டோம். மாமா, அம்மாவின் தம்பி, செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, மூடிப்போன பண்ணையிலிருந்து வெண்ணெய் பிரிக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்து இறக்கினார். நெய் உருக்கி தி. நகர் கடைகளுக்குப் போடுவாராம்.

"மணிக்கு நூறு லிட்டர் பிரிக்கும்க்கா."

"நம்மகிட்ட கீறது பன்னெண்டு. மீதிய இன்னா, கால்வாய்லயா மொள்ளுவ?"

மாமா சிரித்தார். இயந்திரம் ஓடியது. பாலில் பாதி அதன் வயிற்றிலேயே ஒட்டிக்கொண்டது. ஆடை போன பாலில் தயிர் நீர்த்துப்போனது. இது தயிரா மோரா என்று கேட்டு, ஒவ்வொரு வீடாக நிறுத்தினார்கள். உள்ளே இருந்த இருபது தட்டுகளைத் தினமும் கழற்றிக் கழுவ நாலு குடம் தண்ணீர் வேண்டும். லாரி வரும் நாளில் முண்டியடித்துப் பிடிக்கும் தண்ணீர். பிடிப்பதும் கழுவுவதும் அம்மா.

ஒரு நாள் இயந்திரம் ஜுரம் வந்தது போல உதறியது. பாலும் ஆடையும் பிரியாமலே வெளியே கொட்டின. மாமா மோட்டாரைத் திட்டினார், கரண்டைத் திட்டினார், எருமையைக்கூடத் திட்டினார். ஒரு வாரமாயிற்று. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓடாவிட்டால் பழைய இரும்புக்குத் தள்ளிவிடுவதாகச் சொன்னார். அந்த வாரம் தயிர் கெட்டியாக உறைந்தது. இரண்டு வீடுகள் திரும்பக் கேட்டன.

சனிக்கிழமை நான் இயந்திரத்தைத் திறந்து பார்த்தேன். தட்டுகளில் எண் குத்தியிருந்தது. நாலுக்கு மேல் பதினொன்று, அதற்கு மேல் ஏழு. பள்ளிக்கூடத்துக்குச் சரியாகப் போகாதவன்தான். ஆனாலும் ஒன்றிலிருந்து இருபது வரை வரிசையாக அடுக்கினேன். இயந்திரம் உதறாமல் ஓடியது.

மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். "நைனா, நீதான்டா இஞ்சினீரு."

அம்மாவும் ஏதாவது சொல்வாள் என்று எதிரே போய் நின்றேன். அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு லாரிக்குப் போனாள். எனக்கு அழுகையாக வந்தது. மாமாவைத்தான் அம்மாவுக்குப் பிடிக்கும், என்னைப் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

தினமும் அந்தத் தட்டுகளைக் கழுவி அடுக்கியது அம்மாதான். இருபது வரை எனக்கு எண்ணச் சொல்லிக்கொடுத்ததும் அம்மாதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.