நாலு மணிக்கு வருகிறவர்கள்

அந்த வெள்ளைக்காரத் தம்பதி எந்த வீட்டுக்குள் நுழைகிறார்களோ அந்த வீட்டில் சீக்கிரமே சாவு விழும் என்று முதலில் கண்டுபிடித்தவன் என் அண்ணன். அவன் அப்போது ஏழாம் வகுப்பு, நான் நான்காம் வகுப்பு. அவன் சொல்வதில் பாதியை நம்பக் கூடாது என்ற அனுபவம் எனக்கு உண்டு. ஆனால் இதை மட்டும் நானே சரிபார்த்துவிட்டேன்.

எங்கள் ஊரான முக்கூடலில் ஆற்றுக்குப் போகும் தெருவில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து அவர்கள் இருந்தார்கள். இருவருக்கும் எழுபது வயதாவது இருக்கும். பேரன் பேத்திகளை ஊரில் விட்டுவிட்டு, ஏதோ ஒரு சபையின் சார்பில் இரண்டு வருட ஊழியத்துக்கு வந்திருப்பதாகச் சொன்னார்கள். மதம் மாற்றத்தான் வந்திருக்கிறார்கள் என்று அப்பா உறுதியாக நம்பினார். ஒரு வருடம் போயும் ஒருவரும் மாறாததில் அவருக்கே கொஞ்சம் குழப்பம்தான். காலையில் இருவரும் ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு வருவார்கள். பிறகு அந்தப் பெரியவர் வாசலில் உட்கார்ந்து, யார் யாரோ கொண்டுவந்து போட்ட சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் பழுதுபார்ப்பார். அந்தம்மா ஒரு கோடு போட்ட நோட்டில் தமிழ் எழுதிப் பழகுவார். அதிலெல்லாம் தெருவுக்கு ஒரு பயமும் இல்லை. பயம் நாலு மணிக்கு.

சரியாக நாலு மணிக்கு இருவரும் படியிறங்குவார்கள். துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன ஒரே நிற உடுப்பு. சத்தமே எழுப்பாத ரப்பர் செருப்பு. அந்தம்மா ஓர் எவர்சில்வர் பேசினை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முன்னால் வருவார். அதன்மேல் வெள்ளைத் துண்டு போர்த்தியிருக்கும். இரண்டடி பின்னால் பெரியவர். மடியில் சொளவு என்கிற முறத்தை வைத்துக்கொண்டு வாசலில் பீடி சுற்றும் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சைக்கிளில் போகும் யாரையும் விடாமல் துரத்தும் எங்கள் தெரு நாய்கூட எழுந்து ஓரமாகப் போய் நின்றுகொள்ளும். பேசினுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

முதலில் டெய்லரின் அம்மா. பிறகு ரிட்டயரான தபால்காரர். மூன்றாவதாக ரைஸ் மில் டிரைவரின் மனைவி. அவளுக்கு வயது முப்பதுகூட இருக்காது. மூன்று வீட்டுக்கும் சில நாட்கள் நாலு மணிக்குப் போனார்கள். மூன்று வீட்டிலும் சங்கு முழங்கியது. அதற்கு அப்புறம் நான் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மொட்டை மாடிக்கு ஏறி, அவர்கள் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று பார்ப்பேன். எங்கள் தெருவைத் தாண்டிப் போன பிறகுதான் காப்பி குடிக்க இறங்குவேன்.

எங்கள் வீட்டில் அத்தை இருந்தாள். அப்பாவின் தங்கை. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்குத் தலை பின்னியதும், சைக்கிள் கற்றுக்கொடுத்ததும், என் பொய்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்ததும் அவள்தான். நாலைந்து மாதமாகப் பின்கட்டு அறையில் படுத்திருந்தாள். வயிற்றில் புண், மருந்து சாப்பிட்டால் ஆறிவிடும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து ரிப்போர்ட்டோடு திரும்பும் அப்பா, முற்றத்தில் நின்று முகத்தைத் துடைத்து ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டுதான் அந்த அறைக்குள் போவார். அத்தையும் சிரிப்பாள். அந்த வீட்டில் அப்போது எல்லோரும் நிறையச் சிரித்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை அம்மா கடைக்குப் போயிருந்தாள். மாடியிலிருந்து பார்த்தேன். அவர்கள் எங்கள் தெருவுக்குள் திரும்பினார்கள். ஒவ்வொரு வீட்டுக் கதவு எண்ணாகப் பார்த்துக்கொண்டே வந்து, எங்கள் வீட்டுக்கு எதிரே நின்றார்கள்.

நான் எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியாது. கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டைப் போட்டு, சாவியை அரிசிப் பானைக்குள் புதைத்தேன். திரும்பி வந்தபோது அந்தம்மாவின் முகம் கம்பிகளுக்கு நடுவே இருந்தது. மிக அருகில். கண் இரண்டும் கழுவி வைத்த மாதிரி வெளிறிய நீலம்.

"வணக்கம். உன் அத்தை இருக்கிறார்களா?" என்றார். ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி சுத்தமான தமிழ். உயிருள்ள மனிதர் யாரும் எங்கள் ஊரில் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"இல்லை" என்றேன்.

"நாங்கள் காத்திருக்கலாமா?"

நான் கதவை விட்டு நகரவில்லை. அவர்களும் போகவில்லை. வெயிலில் அப்படியே நின்றார்கள், பேசினை இறக்கி வைக்காமல், அவசரமே இல்லாதவர்களாக. இவர்களுக்குக் காத்திருந்து பழக்கம் என்று எனக்குத் தோன்றியது.

பின்கட்டிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "யாருட்டி அங்கன?"

"யாருமில்லத்தே."

சுவரைப் பிடித்துக்கொண்டு பைய நடந்து அத்தையே வந்துவிட்டாள். வாரக்கணக்காகக் கட்டிலை விட்டு எழுந்திருக்காதவள். கம்பிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"கதவத் தொறட்டி. நாந்தான் இவியள வரச் சொன்னேன்."

வரச் சொன்னாளாம். அரிசிப் பானையில் கையை விட்டுச் சாவியைத் தேடி எடுத்து வந்து கதவைத் திறந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் வந்தார்கள். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அத்தையிடம் எதற்கும் மறுப்புச் சொல்வதை அப்போது அவர் விட்டுவிட்டிருந்தார். மூன்றாம் நாள் ஜன்னல் இடுக்கு வழியாக நான் எட்டிப் பார்த்தேன். பேசினில் தண்ணீர். பெரியவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அத்தையின் பாதத்தைத் தண்ணீரில் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி, துண்டால் ஒற்றி, ஒவ்வொரு விரலாகப் பிடித்து நகம் வெட்டினார். தபால்காரரைத் தூக்குமுன் தெருவில் வைத்துக் குளிப்பாட்டியதை நான் பார்த்திருக்கிறேன். உயிரோடு இருக்கும்போதே அத்தைக்கு அதைச் செய்கிறார்கள் என்று நினைத்தேன். அதைவிடப் பயங்கரம், அத்தை இங்கிலீஷில் ஏதோ சொல்லி வாய்விட்டுச் சிரித்தாள். எங்களோடு சிரிக்கும் சிரிப்பு இல்லை அது. பழைய சிரிப்பு.

அடுத்த செவ்வாய்க்கிழமை அத்தை என்னைக் கூப்பிட்டாள். "ஏட்டி, இங்கன ஒரு நிமிசம் வாயேன்."

அறை வாசலில் போய் நின்றேன். வெள்ளைக்காரர்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். அந்தம்மா கட்டிலில் காலியாக இருந்த இடத்தைக் கையால் தட்டினார். "வா. இங்கே உட்கார்."

நான் ஓடினேன். மாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டேன். பின்கட்டு ஜன்னல் நேர் கீழே இருந்தது. அத்தை இன்னும் இரண்டு முறை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டாவது முறை குரல் பாதியில் நின்றுவிட்டது. பிறகு அந்தப் புத்தகத் தமிழ், மிக மெதுவாக, தெளிவாக:

"அவள் நாளைக்கு வருவாள்."

மறுநாள் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, காய்ச்சல் என்று சொல்லி, அம்மாவின் சேலையைப் பிடித்தபடியே நாள் முழுக்கச் சுற்றினேன். பின்கட்டுப் பக்கமே போகவில்லை. வியாழக்கிழமை காலை அத்தை இறந்துபோனாள். துக்கத்துக்கு வந்தவர்களோடு அவர்களும் வந்து, ஓரமாகக் கைகட்டி நின்றார்கள். பேசினைக் கொண்டுவரவில்லை. அந்தம்மா என்னைத் தேடிப் பார்த்தபோது அண்ணனின் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொண்டேன்.

அந்த வருடக் கடைசியில் அவர்கள் தங்கள் நாட்டுக்குத் திரும்பிப் போனார்கள். அதன் பிறகும் ஊரில் சாவுகள் நடந்தன. நான் கணக்கு வைக்கவில்லை.

கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள், பேச்சோடு பேச்சாக அம்மா சொன்னாள். டாக்டர் கைவிட்டவர்கள் இருக்கும் வீடுகளுக்குத்தான் அவர்கள் போவார்களாம். அத்தைக்குத் தன் நிலைமை முதலிலிருந்தே தெரியுமாம். சாகப் போகிறேன் என்று சொல்ல அவளுக்கு வீட்டில் ஓர் ஆள் இல்லை. சொன்னால் நாங்கள் தாங்க மாட்டோம் என்று அவள்தான் எங்களுக்காகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்கிட்ட மட்டும் நேரா சொல்லிட்டுப் போகணும்னு நெனச்சாளாம். எப்பிடிச் சொல்லணும்னு ஒரு வாரமா அவியகிட்ட கேட்டுக்கிட்டு இருந்தாளாம். நீதான் நிக்காம ஓடிட்டியே."

தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்த அந்தப் பத்து நிமிடமும், எனக்கு நாள் குறிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கீழே அழுதுகொண்டிருந்த அத்தையை ஒருவர் தேற்றுகிறார் என்பது எனக்குத் தெரியவில்லை.