படம் இல்லாத மீன்

என் வீட்டுக்காரர் வெர்லின் வாயைத் திறந்தால் சாண் மீன் முழ மீனாகிவிடும். மொன்டானாவில் எங்கள் ஆற்றங்கரை முழுக்கத் தெரிந்த சங்கதி. அதனால்தான் தூண்டில் கடைக்காரன் கிளைட், பெரிய மீன் பிடித்தவர்களின் பெயரை எழுதும் சுவரில் முப்பது வருஷமாக இவரை ஏற்றவில்லை. படம் காட்டு, இல்லை சாட்சி கொண்டுவா என்பான். அந்தச் சுவரில் ஏறாமல் கண்ணை மூடமாட்டேன் என்று இவர் சபதம் வேறு.

கோடையில் கிழித்தது போதாதென்று ஜனவரியிலும் கிளம்பினார். குளிரில் டிரவுட் மீனும் என்னைப் போலத்தான். வெயில் ஏறாமல் அசையாது, ஆழமான மடுவில் ஒடுங்கிக் கிடக்கும். இதைக் கண்டுபிடிக்க ஐயாவுக்கு ஏழு விடியற்காலையும் ஒரு காய்ச்சலும் தேவைப்பட்டன. பிறகு மதியச் சாப்பாடு முடித்துப் போனோம். பனி ரோட்டில் வண்டி ஓட்ட நான். அவர் விரல் விறைத்துப்போவதால், நூலும் இறகும் சுற்றிச் செய்த எள்ளளவு பொய்ப்பூச்சியைத் தூண்டிலில் கட்டவும் நான். தூண்டில் கம்பில் நூல் ஓடும் வளையங்களில் பனிக்கட்டி அடைக்காமலிருக்கப் பூசியது என் உதட்டுக் களிம்பு. மீன் பிடிப்பது மட்டும் அவராம்.

அன்று நிஜமாகவே பெரிய மீன் சிக்கியது. வலையோடு தண்ணீருக்குள்ளேயே வைத்து அளந்தேன். இருபத்து மூன்று அங்குலம். படம் எடுக்கலாமென்றால் அவர் போன் குளிரில் செத்துக் கிடந்தது. என் போன் வண்டியில், கால்மணி நடை.

"கரையில போட்டு வைங்க, போய் எடுத்துட்டு வரேன்" என்றேன்.

"இந்தக் குளிர்ல வெளிய எடுத்தா செவுள் உறைஞ்சு செத்துடும், வலையில அரைமணி கிடந்தாலும் தாங்காது, அர்லீன்" என்றவர், வலையைச் சாய்த்து விட்டுவிட்டார்.

தலையில் அடித்துக்கொண்டேன். பெருமையாகவும் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

கடையில் இவர் சொல்லி முடிக்குமுன்பே சிரிப்பு. கிளைட் மட்டும் என்னைப் பார்த்தான். இவரை ஊரில் முதன்முதலாகப் பொய்யர் என்றவளே நான். இவருடைய ஒரு மீனுக்கும் இதுவரை தலையாட்டியதில்லை.

"பார்த்தேன். நான்தான் அளந்தேன். இருபத்து மூணு" என்றேன்.

சிரிப்பு நின்றது. கிளைட் மறுபேச்சில்லாமல் சுவரில் எழுதினான். வெர்லினுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான்.

திரும்பும்போது பாதி வழியில் அவர் மெல்லக் கேட்டார்.

"இருபத்தஞ்சுன்னு சொன்னா உன் வாய் கோணிடுமா?"