மலையம்மாளின் முளைப்பயறு

எங்கள் ஊர்ப் பால்வாடி ஆயா மலையம்மாளைப் பற்றிப் பெருமை பேச எனக்கு என்ன யோக்கியதை என்று சிலர் கேட்பார்கள். அறுபத்தொன்பதாம் வருடம் அவளைத் துரத்தத் தெருவையே கூட்டிக்கொண்டு போனவள் நான். அதனால்தான் நானே சொல்கிறேன்.

நெற்குப்பைக்கு மேற்கே இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. பால்வாடி என்றால் ஒரு ஓட்டுக் கொட்டகை, ஒரு பால்பவுடர் மூட்டை, அவ்வளவுதான். மலையம்மாள் வந்து பின்பக்கத்துக் கட்டாந்தரையைக் கொத்தினாள். பிள்ளைகள் கை கழுவும் தண்ணீரை அங்கே திருப்பிவிட்டுத் தண்டுக்கீரையும் கத்தரியும் போட்டாள். தண்ணீர் ஊற்றிய பிள்ளைதான் கீரையைக் கிள்ள வேண்டும், அலச வேண்டும். அதற்குத்தான் முதல் கரண்டி. மூஞ்சியைச் சுளிக்கிற பிள்ளையிடம், “நீ வளத்ததை நீயே துப்புவியாடா?” என்பாள். துப்பாது.

என் மகள் பொன்னழகுக்கு நாலு வயது. பார்த்தால் இரண்டுதான் சொல்வீர்கள். சோற்றை வாயில் வைத்தால் ஓங்கரிப்பாள். எழுத்துப் பழக மட்டும் பால்வாடிக்கு அனுப்பினேன். அங்கே எதையும் வாங்கித் தின்னாதே என்று தினமும் சொல்வேன். கீழத்தெருக்காரி சமைத்ததை என் பிள்ளை தின்பதாவது என்ற சாதிக் கொழுப்பு எனக்கு. மகள் உடம்பு தேற வேண்டுமென்று அந்தப் பங்குனியில் அம்மனுக்கு முளைப்பாரி நேர்ந்திருந்தேன். இருட்டறையில், எரு போட்ட மண்சட்டியில் நவதானியத்தை முளைக்கவிட்டு, சுமந்துபோய் ஊருணியில் கரைக்க வேண்டும். அதில் ஒரு முளையை வாயில் வைத்தாலும் குற்றம்.

முளைப்பாரி போட்ட ஏழாம் நாள் பொன்னழகு வந்து, “ஆத்தா, சட்டியில முளை வளத்தோம்ல, இன்னைக்கி அதை வேகவச்சாக” என்றாள். அம்மனுக்கு வைத்த முளையைத்தான் வேகவைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. என்ன முளை, யார் வைத்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை; முளைப்பாரி அறையை எட்டிப் பார்க்கவும் இல்லை. என் மாமனார் வீரையாதான் அப்போது ஊர்த் தலைவரான அம்பலம்; அவரிடம் ஓடினேன். மறுநாள் காலை பால்வாடியை இழுத்து மூட அவர் பூட்டோடு முன்னால் போக, தெருவே பின்னால் போனது.

“முளைப்பாரியையா வேகவச்சே?” என்றார்.

மலையம்மாள் அசரவில்லை. உள்ளே போய்ச் சட்டியை எடுத்துவந்து கவிழ்த்தாள். ஈரத்துணி, அதற்குள் முளைவிட்ட பாசிப்பயறு.

“எருவு இருக்கா, நவதானியம் இருக்கா, பாருங்கய்யா. பிள்ளைக திங்க நான் ஊறப்போட்ட பயறு. அம்மனுக்கு வச்சதைத் தொட்டிருந்தா இந்தக் கை அழுகிப் போகட்டும்.”

என் தப்பு எனக்குத் தெரிந்தது. மாமனாருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் ஊரைக் கூட்டிவந்தவர் வெறுங்கையோடு திரும்புவாரா? “எதுவா இருந்தாலும் சாமி காரியம் நடக்கையில முளையை வேகவச்சது தப்பு. இனி பால்வாடி கிடையாது” என்றார்.

அப்போதுதான் பொன்னழகு என் பக்கத்தில் இல்லாததைக் கவனித்தேன். பிள்ளைகளின் பந்தியில் உட்கார்ந்து, வெந்த பயற்றை இரண்டு கையாலும் அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். ஓங்கரிக்கவில்லை. “இன்னும் போடுங்க” என்றாள். அந்த வார்த்தையை என் பிள்ளை வாயிலிருந்து நான் அதுவரை கேட்டதே இல்லை.

மலையம்மாள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: “ஒரு மாசமா திங்குது தாயி. கீரையின்னாலும் திங்குது. சொன்னா வைவீகன்னுதான் சொல்லல.”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெட்கமாகவும் இருந்தது. மாமனார் கதவை இழுத்துச் சாத்தப் போனார். நான் உள்ளே போய் மகளுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன்.

“எனக்கும் ஒரு கரண்டி போடு மலையம்மா.”

அவள் போட்டாள். நான் எல்லோரும் பார்க்கத் தின்றேன்.

“ஏத்தா புஷ்பவள்ளி, என்ன காரியம் செய்யிறே?” என்றார் மாமனார்.

“பூட்டுறதா இருந்தா என்னையும் உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போங்க மாமா” என்றேன்.

அவர் பூட்டை மடியில் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.